துட்டன்காமுன் கல்லறை: அசலா, நகலா?

எகிப்தின் லக்சருக்குப் போய்ப் பண்டைய மன்னன் துட்டன்காமுனின் கல்லறையைப் பார்க்க இன்று இரண்டு வழி. 1922இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த அசல் கல்லறை மன்னர்களின் பள்ளத்தாக்கில் இருக்கிறது. 2014இல் திறந்த நகல், கார்ட்டர் தங்கிய வீட்டுக்குப் பக்கத்தில்.

அசலில் மம்மி இன்னும் அங்கேயே கிடக்கிறது. அதற்கு ஈடு இல்லைதான். ஆனால் அறை சின்னது. உள்ளே போகும் ஒவ்வொருவரும் மூச்சையும் வியர்வையையும் தூசியையும் கொண்டுபோகிறோம். பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் கெட்டி நிறுவனம் பத்தாண்டு வேலை பார்த்துப் புதிய காற்றோட்ட வசதி செய்தது அதனால்தான். சுவர் ஓவியங்களில் தெரியும் பழுப்புப் புள்ளிகளுக்கு மட்டும் நம்மைக் குற்றம் சொல்ல முடியாது. அவை கார்ட்டர் காலத்திலேயே இருந்தவை, செத்துப்போன நுண்ணுயிர்களின் தடம். வண்ணத்துக்குள் ஊறிவிட்டதால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

நகலில் அந்தப் புள்ளிகள்கூட உண்டு! ஃபாக்டம் ஆர்ட்டே நிறுவனம் லேசரால் ஸ்கேன் செய்து, சுவரின் மேடுபள்ளம் வரை வார்த்தெடுத்தது. அப்புறம், கார்ட்டர் உள்ளே நுழையப் பெயர்த்த தெற்குச் சுவர்ப் பகுதியைப் பழைய புகைப்படங்களை வைத்து மீட்டிருக்கிறார்கள். அசலில் அது இல்லை.

ஓவியத்தை நிதானமாகப் பார்க்க நகல்தான் என் தேர்வு. மம்மிக்காகப் போகிறேன் என்றால், சரி, அசலுக்கே போங்கள். சுவரில் மட்டும் கை வைக்காதீர்கள்.