தென்காசித் தோட்டத்துக்கு ஆடிப்பட்டமா, தைப்பட்டமா?

ஆடி மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தினர்கள், குற்றாலத்தில் குளித்த ஈரத்தலையோடு புறவாசலுக்கு வந்து தோட்டத்தைப் பார்த்துவிட்டு, தவறாமல் ஒன்று சொல்வார்கள்: "உங்களுக்கென்ன, வானமே தண்ணீர் ஊற்றிவிடுகிறது." பதில் சொல்லாமல் அவர்களைப் பாத்தியருகே அழைத்துப்போய், ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விடச் சொல்வேன். நகம் முழுகும் அளவுக்குத்தான் ஈரம் இருக்கும். அதற்குக் கீழே மண் மாவாகக் காய்ந்து கிடக்கும். காலையிலிருந்து ஐந்து முறை சாரல் அடித்திருக்கும். கத்தரி இலைகளில் முத்து முத்தாக நீர் நிற்கும். வேருக்கு ஒரு சொட்டு இறங்கியிருக்காது.

தென்காசிக்காரர்கள் பலர் ஏமாறும் இடம் இது. நானும் முதல் மூன்று ஆண்டுகள் ஏமாந்தேன். இரண்டு சென்ட் இடத்தில் ஆடியிலும் தையிலும் மாறி மாறி விதைத்துப் பார்த்த பிறகுதான் எந்தப் பட்டத்துக்கு, அதாவது எந்த விதைப்புப் பருவத்துக்கு, எதை ஒதுக்குவது என்று ஓரளவு பிடிபட்டது.

முதலில் ஊரின் வானிலை. மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் இருக்கிறது. கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழையின் மிச்சம், காற்றோடு அந்த இடைவெளி வழியே இந்தப் பக்கம் வருகிறது. செங்கோட்டை, இலஞ்சி வரை சாரல் நன்றாகவே நனைக்கும். தென்காசி தாண்டிச் சுமார் 10 கிலோமீட்டர் கிழக்கே பாவூர்சத்திரம் போனால் சாரல் மெலிந்து காற்று மட்டும் மிஞ்சும். அதற்கும் கிழக்கே காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமும் அந்தக் காற்றுதான். மண்ணை ஆழமாக நனைக்கும் மழைக்கு அக்டோபர் மூன்றாம் வாரம் வரை காத்திருக்க வேண்டும். அது வடகிழக்குப் பருவமழை.

நெல்காரர்களுக்கு இது எப்போதோ தெரிந்த கணக்கு. தென்மேற்குக் காலத்துக்குக் கார், வடகிழக்குக் காலத்துக்குப் பிசானம் என்று ஆண்டை இரண்டு நெல் பருவங்களாகப் பிரித்துவைத்தவர்கள் அவர்கள். சிற்றாற்றுப் பாசனத்தில் கார் விளைவது வயலில் விழும் சாரலை நம்பி அல்ல, மலையில் பெய்து ஆற்றில் இறங்கும் தண்ணீரை நம்பி. வீட்டுத் தோட்டத்துக்கு அந்த ஆறு கிடையாது, குழாயும் வாளியும்தான்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியை எல்லா இடத்துக்கும் நீட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. தொலைவு போகவேண்டாம், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் மானாவாரி விதைப்பு பெரும்பாலும் புரட்டாசியில்தான் நடக்கிறது. மழை எப்போது வருமோ அதற்கு முன்னால் விதை மண்ணில் இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே கணக்கு.

அதற்காக ஆடியைத் தள்ளிவிடவும் முடியாது. முதல் சாட்சி பந்தல் அவரை. நாட்டு அவரைக்குப் பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கத் தோன்றும். ஆடியில் விதைத்தால் ஐப்பசிக்குள் பந்தலை மூடிவிட்டு, பகல் சுருங்கும் நேரத்தில் பூவெடுத்து, மார்கழியிலும் தையிலும் காய்த்துத் தள்ளும். இது தெரியாமல் ஒரு வருடம் மாசிக் கடைசியில் ஊன்றிவிட்டேன். கொடி பந்தலைத் தாண்டிக் குளியலறைக் கூரைமேல் ஏறியது, பக்கத்து வீட்டு முருங்கையையும் பிடித்துக்கொண்டது. ஆனால் ஐப்பசி வரை ஒரு பூ இல்லை. எட்டு மாதம் இலைக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். பக்கத்து வீட்டு ஆச்சி மட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மதிலுக்கு அப்பாலிருந்து, "அவரை காய்த்ததா தம்பி?" என்று விசாரிப்பார்கள். காய்க்காது என்று தெரிந்துதான் கேட்டார்கள் என்பது பிறகு புரிந்தது. செடி அவரை ரகங்களுக்கு இந்தப் பிடிவாதம் இல்லை, எப்போது விதைத்தாலும் காய்க்கும். ஆனால் ருசியில் நாட்டு அவரைக்குப் பக்கத்தில் வராது என்பது என் கட்சி.

இரண்டாவது சாட்சி சிறுகிழங்கு. பொங்கல் படையலில் சிறுகிழங்கு இல்லாத வீட்டை இந்தப் பக்கம் காண்பது அரிது. கிழங்கை முளைக்கவிட்டு, தளிர்க்கொடியைக் கிள்ளி ஆடி, ஆவணியில் நட்டால்தான் பொங்கலுக்குள் தோண்ட முடியும். சாரல் நாட்களின் மூடிய வானம் கிள்ளி நட்ட கொடிக்கு வெகு இதம். வாடாமல் வேர் பிடித்துக்கொள்ளும். தோண்டிய கிழங்கைச் சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோலெடுப்பதற்குள் விரல்கள் கறுத்துவிடும் என்பது தனிக் கதை. கத்தரியையும் ஆடியில் நாற்று விட்டு ஆவணியில் நடலாம். ஐப்பசி மழையைக் குடித்துவிட்டு மாசி வரை ஓடும்.

ஆடியின் எதிரி காற்று. முழங்கால் உயரம் வந்த வெண்டையைப் பாருங்கள்: காற்று தண்டை ஆட்டி ஆட்டி, அடிக்கழுத்தைச் சுற்றி மண்ணில் புனல்போல ஒரு குழி விழுந்திருக்கும். அதில் நீர் தேங்கினால் கழுத்து அழுகும், தேங்காவிட்டால் வேர் காயும். வாரம் ஒருமுறை மண் அணைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் மேற்கு ஓரத்தில் அகத்தியை நெருக்கமாக நட்டு வைத்திருக்கிறேன். பாதிக் காற்றை அது வாங்கிக்கொள்கிறது. மிளகாய் நாற்றங்காலுக்குச் சாரலே பகை. மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் கழுத்து நூலாகி விழுந்து கிடக்கும். நாற்றழுகல் நோய் அது. கூரைச் சார்புக்குக் கீழே தட்டில் வளர்த்தால் தப்பிக்கும்.

பாகல், புடலை, பீர்க்கு, சுரை என்று கொடிக் காய்களுக்கு வந்தால் தைக்குத்தான் என் ஓட்டு. ஈரக் காலத்தில் பழ ஈ விடாது. விரல் நீளப் பாகல் திடீரென்று மஞ்சளாகும். பிளந்தால் உள்ளே புழு நெளியும். தையில் விதைத்தால் பனி, தெளிந்த வெயில், காற்றில்லாத பந்தல். ஈயும் குறைவு, காயும் நேராக இறங்கும். வெண்டையைத் தை பிறந்ததும் ஊன்றினால் ஆறு, ஏழு வாரத்தில் பறிக்கலாம். ஆனால் தாமதிக்கக் கூடாது. மாசி, பங்குனிக்குத் தள்ளிப்போனால் வெயிலோடு வெள்ளை ஈ பெருகி, இலை நரம்பெல்லாம் மஞ்சளாகும் தேமல் நோய் வந்துவிடும். தக்காளிக்கும் அதே ஈதான் இலைச்சுருட்டைக் கொண்டுவருகிறது. பங்குனிச் சூட்டில் தக்காளிப் பூ தானாகவே உதிரும் என்பதால், கார்த்திகைக் கடைசியில் நாற்று விட்டு, தை முதல் வாரத்தில் நட்டுவிடுவது என் வழக்கம்.

தையின் பலவீனம் தண்ணீர். கிணறு நிறைந்திருக்கும் பட்டம்தான், ஆனால் காய் பிடிக்கும் நேரம் பார்த்துக் கிணறு இறங்கும், குழாயில் தண்ணீர் வரும் நாட்களும் குறையும். தென்னை மட்டையும் சருகும் போட்டு மூடாக்கு அமைத்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் பாய்ச்சிச் சமாளிக்கலாம். மூடாக்கு இல்லாத பாத்தி பங்குனியில் பாளமாக வெடிக்கும்.

நடுவில் புரட்டாசிப் பட்டம் ஒன்று உண்டு. வீட்டுத் தோட்டத்துக்கு அதை நான் சிபாரிசு செய்வதில்லை. பிஞ்சுச் செடி நேராக ஐப்பசி அடைமழையில் போய் மாட்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மழையில் என் சீனியவரை (கொத்தவரை) பாத்தி வரப்போடு போய்விட்டது. மேட்டுப்பாத்தி போடும் பொறுமை உள்ளவர்கள் முயன்று பார்க்கலாம்.

ஒரே ஒரு பட்டத்துக்குத்தான் நேரமிருக்கிறது என்றால்? தண்ணீர் குறைந்த வீடு என்றால் ஆடி. முதல் இரண்டு மாதம் குடம் சுமந்துவிட்டால், செடி பெரிதாகி அதிகம் குடிக்கும் காலத்தை வடகிழக்கு மழை பார்த்துக்கொள்ளும். கிணறோ ஆழ்குழாயோ இருக்கும் வீடு என்றால் தை. உழைத்த நாளுக்கு அதிகக் காய் தருவது அதுதான். செங்கோட்டை, இலஞ்சிக்காரர்கள் கிணறு இல்லாவிட்டாலும் கொடிக் காய்களை ஆடியில் தொடவேண்டாம்.

என் இரண்டு சென்ட்டில் இந்த ஆடிக்கு அவரை, சிறுகிழங்கு, கத்தரி மட்டும். மற்ற பாத்திகளில் தக்கைப்பூண்டு தூவிவிட்டேன், பூக்கும் சமயத்தில் மடக்கி மண்ணில் பசுந்தாள் உரமாகப் புதைக்க. அவரை விதை சாம்பல் புரட்டி டப்பாவில் தயாராக இருக்கிறது. ஆச்சி கொடுத்ததுதான், கொடுக்கும்போது மாதத்தை இரண்டு முறை சொல்லிக் கொடுத்தார்கள்.