இரட்சிப்பை இழக்க முடியுமா? நான்கு பதில்களும் அவற்றுக்குப் பிடிக்காத வசனங்களும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமை இரவுகளில் கூடும் வேதபாடக் குழு எங்களுடையது. மெதடிஸ்ட், லூத்தரன், பெந்தெகொஸ்தே வகையான அசெம்பிளிஸ் ஆஃப் காட் என்று எல்லாச் சபைக்காரர்களும் கலந்திருப்போம். செயின்ட் அந்தோணி கோவிலுக்குப் போகும் கத்தோலிக்க அக்கா ஒருவரும் வருவார். அவர் கொண்டுவரும் கறிபாப்புக்காகவே சிலர் வருகிறார்கள் என்பது வேறு விஷயம்.

போன மாதம் ஒரு ஆன்ட்டி கேட்ட கேள்வியில் மூன்று வெள்ளிக்கிழமை ஓடிவிட்டது. அவருடைய மகன் பதினாறு வயதில் ஒரு வாலிபர் முகாமில் அழுது ஜெபித்து இயேசுவை ஏற்றுக்கொண்டவன். இப்போது பினாங்கில் வேலை. பத்து வருடமாகச் சபைப் பக்கம் தலைகாட்டவில்லை. "எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை போயிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டானாம். "தம்பி, அவன் இரட்சிக்கப்பட்டவன்தானே?" என்று ஆன்ட்டி என்னைக் கேட்டார். நான் ஒன்றும் பெரிய வேத பண்டிதன் இல்லை. அன்றைக்குப் பாடம் எடுக்கும் முறை என்னுடையது, அவ்வளவுதான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அறையில் நான்கு பதில்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் கையில் ஒரு வசனம் தயாராக இருந்தது. சிக்கல் அங்கேதான். வசனம் இல்லாத போதனை என்று உலகத்தில் எதுவுமே இல்லை.

அதனால் ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டோம். சங்கீதம் 119:160-இல் நம் பழைய மொழிபெயர்ப்பு "உம்முடைய வசனம் சமூலமும் சத்தியம்" என்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கீழாநெல்லி சமூலம் கேட்டால் வேர், தண்டு, இலை, காய் எல்லாம் சேர்த்துத் தருவார்கள். இலையை மட்டும் கிள்ளிக் கொடுத்தால் அது சமூலம் ஆகாது. ஆகவே ஒரு போதனை தனக்குப் பிடித்த வசனத்தை எவ்வளவு உரக்கச் சொல்கிறது என்று பார்க்காமல், தனக்குப் பிடிக்காத வசனத்தை என்ன செய்கிறது என்று பார்ப்பதாக முடிவு செய்தோம்.

முதல் பதில், "ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் எப்போதும் இரட்சிக்கப்பட்டவன்தான். ஆன்ட்டி, கவலையை விடுங்க." கையிலிருந்த வசனம் யோவான் 10:28. "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதில்லை." அருமையான வாக்குத்தத்தம்தான். ஆனால் அதற்கு முந்தின வசனத்தில் அந்த ஆடுகள் யார் என்று இயேசுவே சொல்லிவிடுகிறார். அவருடைய சத்தத்துக்குச் செவிகொடுத்து அவருக்குப் பின்னால் போகிறவைதான் அவருடைய ஆடுகள். பதினாறு வயதில் ஒருநாள் கை தூக்கியதை மட்டும் வைத்துக்கொண்டு 28-ஐ எடுத்து 27-ஐ விட்டுவிட முடியாது. "முடிவுபரியந்தம் நிலைநிற்பவனே இரட்சிக்கப்படுவான்" என்ற மத்தேயு 24:13-ஐக் காட்டினால், அது உலக முடிவுக்கு முந்தின உபத்திரவ காலத்து யூதர்களுக்குச் சொன்னது என்கிறார்கள். யோவான் 15-இல் உலர்ந்துபோகும் கொடியைக் காட்டினால் அது பலனைப் பற்றியது, எபிரெயர் நிருபத்தைக் காட்டினால் அது வேறு ஆட்களுக்கு எழுதியது. இப்படிப் பிடிக்காத வசனத்தையெல்லாம் பக்கத்து வீட்டு முகவரிக்கு அனுப்பிக்கொண்டே போனால், கடைசியில் நம் விலாசத்துக்கு வாக்குத்தத்தம் மட்டும்தான் வந்து சேரும்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. இந்தப் பதிலைச் சொன்னவர்களில் ஒருவர் லூத்தரன், ஒருவர் மெதடிஸ்ட், ஒருவர் அசெம்பிளிஸ் ஆஃப் காட். மூன்று சபைகளின் எழுதப்பட்ட போதனையுமே இதை மறுக்கிறது! லூத்தரன்களின் அடிப்படை அறிக்கையான 1530-இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை, ஒருமுறை நீதிமானாக்கப்பட்டவர்கள் பரிசுத்த ஆவியை இழக்கவே முடியாது என்பவர்களைப் பன்னிரண்டாம் பிரிவில் கண்டிக்கிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1751-இல் இதே கேள்வியை எடுத்து, விழுந்துபோக முடியும் என்று தனியாக ஒரு சிறு நூலே எழுதினார். நம் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை உட்காருவது ஒரு சபையில், வாரம் முழுக்கக் கேட்பது யூடியூப் பிரசங்கியாரை. அவர் எந்த மரபிலிருந்து வருகிறார் என்று யாரும் விசாரிப்பதில்லை.

இரண்டாவது பதிலை முதலாவதோடு சேர்த்துக் குழப்பக்கூடாது. இது கால்வின் வழி வந்த சீர்திருத்த சபைகளின் போதனை. 1618–19-இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய சங்கம் இதைத் தெளிவாக எழுதி வைத்தது. தேவன் தெரிந்துகொண்டவர்கள் பயங்கரமாக விழலாம். தாவீதையும் பேதுருவையும் அந்தச் சங்கமே உதாரணம் காட்டுகிறது. ஆனால் தேவன் அவர்களை மனந்திரும்பச் செய்து கடைசிவரை காப்பார். ஒருவன் போனவன் போனவன்தான் என்றால், அவன் தொடக்கத்திலிருந்தே உண்மையான விசுவாசி அல்ல. இதற்கு 1 யோவான் 2:19 நேரடி ஆதாரம். நம்மை விட்டுப் பிரிந்துபோனவர்கள் நம்முடையவர்களாக இருந்திருந்தால் நம்மோடு நிலைத்திருப்பார்களே என்கிறார் யோவான்.

அப்படியானால் எச்சரிக்கைகள் எதற்கு? இங்கேதான் இவர்கள் பதில் எனக்குப் பிடிக்கும். அப்போஸ்தலர் 27-ஐத் திறக்கச் சொல்கிறார்கள். புயலில் மாட்டிய கப்பலில், ஒருவருக்கும் பிராணச்சேதம் வராது என்று தேவதூதன் சொன்னதைப் பவுல் அறிவிக்கிறார். ஒன்பது வசனம் தள்ளி, கப்பலாட்கள் படகை இறக்கித் தப்பப் பார்க்கும்போது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று அதே பவுல் எச்சரிக்கிறார். வாக்குத்தத்தமும் நிஜம், எச்சரிக்கையும் நிஜம். எச்சரிக்கையின் வழியாகத்தான் வாக்குத்தத்தம் நிறைவேறியது. (நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் பினாங்கு வந்து இறங்கிய தாத்தாக்களின் கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இந்த அதிகாரம் சீக்கிரம் புரிந்துவிடும்.)

இவர்களுக்குப் பிடிக்காத வசனம் எபிரெயர் 10:29. அங்கே நியாயத்தீர்ப்புக்கு உள்ளாகிறவன், உடன்படிக்கையின் இரத்தத்தால் ஏற்கெனவே பரிசுத்தமாக்கப்பட்டவன். அவன் விசுவாசியே அல்ல என்று சொல்வது அந்த வார்த்தையின் கையை முறுக்குவதாகத்தான் எனக்குப் படுகிறது. ரோமர் 11:22 இன்னும் நேரடி. விசுவாசத்தினால் ஒட்டப்பட்ட கிளையிடமே "நீயும் வெட்டுண்டுபோவாய்" என்கிறார் பவுல்.

ஆன்ட்டிக்கும் இந்தப் பதில் ஒத்துவரவில்லை. "அப்போ அன்னைக்கு முகாம்ல அவன் அழுதது என்ன?" என்று கேட்டார். சொன்னவர் கீழே குனிந்து வேதாகமத்தைப் புரட்டினார். எந்தப் பக்கத்தையும் தேடவில்லை.

மூன்றாவது, லூத்தரன், மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளுக்குள் சிறுசிறு வேறுபாடுகளோடு இருக்கும் பதில். இரட்சிப்பு கிருபையால் வருகிறது, விசுவாசத்தால் பற்றிக்கொள்கிறோம். அந்த விசுவாசத்தை உதறிவிட்டால் இழந்துபோகலாம், திரும்பியும் வரலாம். இதன் பெரிய பலம் பழைய ஏற்பாட்டிலேயே இருக்கிறது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்டு, செங்கடலைக் கடந்து, மன்னாவைச் சாப்பிட்ட ஜனங்கள் வனாந்தரத்தில் விழுந்தார்கள். 1 கொரிந்தியர் 10, எபிரெயர் 3, யூதா 5 மூன்றுமே அந்தச் சம்பவத்தைக் கிறிஸ்தவர்களுக்கு எச்சரிக்கையாகக் காட்டுகின்றன. அதோடு தமிழ் வேதாகமத்தில் காலம் காட்டும் இடைநிலைகளை மட்டும் கவனித்தாலே போதும். எபேசியர் 2:8-இல் "இரட்சிக்கப்பட்டீர்கள்", 1 கொரிந்தியர் 1:18-இல் "இரட்சிக்கப்படுகிற", மத்தேயு 24-இல் "இரட்சிக்கப்படுவான்". மூன்று காலத்தையும் சேர்த்துப் பிடிக்கிற போதனைதான் எனக்கு நம்பகமாகத் தெரிகிறது.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இந்தப் பக்கத்தின் மெதடிஸ்ட் கிளைக்கு வித்திட்ட டச்சு இறையியலாளர் ஆர்மீனியஸின் சீடர்கள் 1610-இல் ஐந்து குறிப்புகள் வெளியிட்டபோது, ஐந்தாவதில் இந்தக் கேள்விக்கு முடிவான பதிலே சொல்லவில்லை. வேதத்திலிருந்து இன்னும் ஆராய்ந்து பார்த்த பிறகுதான் போதிக்க முடியும் என்று எழுதினார்கள். பிற்பாடுதான் இழக்க முடியும் என்ற முடிவுக்கு வந்தார்கள். பெரோயா பட்டணத்தார் தினந்தோறும் வேதத்தை ஆராய்ந்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஐந்தாம் குறிப்பு நினைவுக்கு வரும்.

கத்தோலிக்க அக்காவின் பதில் நான்காவது. அவர்கள் இரட்சிப்பு என்று சொல்வதில்லை, மீட்பு என்பார்கள். சாவான பாவம் செய்தால் அருளை இழக்கிறோம், ஒப்புரவு அருட்சாதனத்தில் மறுபடி பெறுகிறோம். 1547-இல் திரெந்து பொதுச்சங்கம் இதை வரையறுத்தது. மரணத்துக்கு ஏதுவான பாவம், அல்லாத பாவம் என்று 1 யோவான் 5:16-17 பிரித்துச் சொல்வதையும், பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தைச் சீடர்களுக்குத் தரும் யோவான் 20:23-ஐயும் அக்கா எடுத்துக்கொடுத்தார். எங்களில் பலர் அந்த இரண்டையும் அவ்வளவு கவனமாக வாசித்ததே இல்லை. ஆனால் தனி வெளிப்பாடு இல்லாமல் தான் கடைசிவரை நிலைப்பேன் என்று யாரும் ஐயமற்ற உறுதியோடு சொல்லக்கூடாது என்று திரெந்து சொல்கிறது. அதை வைத்துக்கொண்டு, நித்தியஜீவன் உண்டென்று அறியும்படிக்கே எழுதுகிறேன் என்கிற 1 யோவான் 5:13-ஐ வாசித்தால் கொஞ்சம் மூச்சு முட்டுகிறது. அக்கா சிரித்தார். "அறிவது வேற, அடிச்சுச் சொல்றது வேற" என்றார். யோசிக்க வேண்டிய பதில்தான்.

சரி, இதெல்லாம் ஆன்ட்டியின் மகனுக்கு என்ன சொல்கிறது? முதல் பதில் அவனை அப்படியே விட்டுவிடச் சொல்கிறது, அதனாலேயே அது ஆபத்தானது. மற்ற மூன்றும், ஆச்சரியமாக, ஒரே காரியத்தைத்தான் செய்யச் சொல்கின்றன: அவனைக் கூப்பிடு, திரும்பி வரச் சொல். சண்டையெல்லாம் பதினாறு வயதில் அந்த முகாமில் நடந்தது என்ன என்பதைப் பற்றித்தான். லூக்கா 15-இல் தகப்பன் "என் குமாரனாகிய இவன் மரித்தான்" என்கிறார். ஒருவர் "என் குமாரன்" என்பதற்குக் கோடு போடுகிறார், இன்னொருவர் "மரித்தான்" என்பதற்கு. தகப்பன் இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொன்னார்.

நான் மூன்றாவது பக்கம் சாய்கிறவன் என்று இதற்குள் தெரிந்திருக்கும். அதனால் என் அளவுகோலை என் மேலும் வைக்க வேண்டியதாயிற்று. எனக்குப் பிடிக்காத வசனம் எபிரெயர் 6:6. மறுதலித்துப்போனவர்களை மனந்திரும்புதலுக்கு மறுபடியும் புதுப்பிப்பது "கூடாதகாரியம்" என்கிறது. இழக்கலாம் என்று சொல்ல இந்த வசனம் எனக்கு வேண்டும். ஆனால் திரும்பி வரலாம் என்று சொல்லும்போது இதே வசனம் குறுக்கே நிற்கிறது. குமாரனை மறுபடி சிலுவையில் அறைந்துகொண்டிருக்கும் வரையில்தான் கூடாது என்று கிரேக்கத்தை வைத்து விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. இலக்கணப்படி அப்படி வாசிக்க இடம் இருக்கிறது. ஆனாலும் எனக்கு அவ்வளவு வசதியாக அமைகிற விளக்கம் என்பதாலேயே அதன் மேல் சந்தேகம் வருகிறது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அந்தப் பகுதியைச் சத்தமாக வாசித்தேன். நான்காம் வசனத்தில் தொடங்கி, முள்ளும் முட்செடியும் சுட்டெரிக்கப்படும் எட்டாம் வசனத்தில் நிறுத்தினேன். யாரும் பேசவில்லை. ஆன்ட்டியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் கைப்பையைத் துழாவி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டி, விரலை வைத்து வரிவரியாகப் படித்துக்கொண்டே போனார்.

"ஏன் தம்பி எட்டுலேயே நிறுத்திட்டீங்க?" என்றார். அப்புறம் ஒன்பதாம் வசனத்தை அவரே வாசித்தார்: "பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும்..."