எல்.டி. 3045 சீராக்கி: கடற்காற்றில் நீண்டகாலப் பயன்பாடு

திருகோணமலைக்கு அருகே உப்புவெளியில் இயங்கும் என் வானொலி ஏற்பிப் பலகைக்கு, மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் எல்.டி. 3045 சீராக்கிச் சில்லைப் பொருத்திய பின் மாரிகள் சில கடந்துவிட்டன. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் 162 மெகாஹெர்ட்ஸ் அருகே அனுப்பும் ஏ.ஐ.எஸ். சைகைகளை (கப்பலின் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் தானாக அறிவிப்பவை) அந்தப் பலகை பிடிக்கிறது. அதில் சைகையை எண்களாக மாற்றும் வேகமான ஏ.டி.சி.க்கும், அதற்குத் தாளம் கொடுக்கும் கடிகார அலையாக்கிக்கும் இதைவிடத் தூய்மையான மின்வழங்கலை நான் பயன்படுத்தியதில்லை.

மின்னோட்டத்தை வேகமாகத் திறந்து மூடி இயங்கும் சுவிட்சிங் மின்வழங்கியின் துடிப்பு கடிகாரத்தை ஆட்டினால், உண்மையான சைகையின் இருபுறமும் பொய்ச் சைகைகள் எழும். சாதாரணச் சீராக்கிகள் நூறு கிலோஹெர்ட்ஸைத் தாண்டும்போதே தளர்ந்துவிடுகின்றன. இதுவோ ஒரு மெகாஹெர்ட்ஸிலும் 76 டெசிபல் தடுக்கிறது. உள்ளே வரும் இரைச்சலில் ஆறாயிரத்தில் ஒரு பங்குதான் வெளியே போகும். இதன் சொந்த இரைச்சல் 0.8 மைக்ரோவோல்ட். பொருத்தியதும் பொய்ச் சைகைகள் அடங்கிவிட்டன.

இதை வாங்கினால் மின்தேக்கிகளைக் குறைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். இலக்கச் சில்லு நானோசெக்கன்களில் கேட்கும் மின்னோட்டத்தை எந்தச் சீராக்கியாலும் உடனே கொடுக்க முடியாது. அதை 0.1 மைக்ரோபரட் செராமிக் மின்தேக்கிதான் தர வேண்டும். அதுவும் சில்லின் மின் முனையை ஒட்டி, தரைத் தளத்துக்கு நேரே இறங்கியிருக்க வேண்டும். தடம் நீண்டால் அதன் தூண்டம் (மின்னோட்டம் சட்டென மாறுவதை எதிர்க்கும் தன்மை) பயனைத் தின்றுவிடும்.

கடலோரத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. இந்தச் சில்லு 100 மைக்ரோஅம்பியரை ஒரு தடையினூடாகச் செலுத்தியே வெளியீட்டை நிர்ணயிக்கிறது. 0.1 மைக்ரோஅம்பியர் கசிந்தாலே வெளியீடு 0.1 சதவீதம் நகரும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், ஈரமும் உப்பும் படிந்த பலகையில் 3.3 வோல்ட் மெல்ல அசைவதைக் கண்டேன். பற்றவைத்தபோது மிஞ்சிய பற்றாசுப் பசையை ஐசோபுரோப்பைல் ஆல்ககோலால் கழுவி, நன்றாக உலர்த்தி, காப்புப் பூச்சு கொடுத்த பிறகு அசைவு நின்றது. புதிதாகப் பலகை வரைபவர்கள் அந்தத் தடை இணையும் முனையைச் சுற்றி, கசிவைத் தடுக்க வெளியீட்டுடன் இணைத்த செப்புக் காவல் வளையம் ஒன்றையும் வரைந்துகொள்ளுங்கள்.

ஐந்து வோல்ட்டிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு இறக்கி 300 மில்லிஅம்பியர் எடுக்கும்போது அரை வாட் வெப்பமாகிறது. ஆகவே சில்லின் அடிப்பக்க உலோகத் தட்டைப் பலகையோடு பற்றவைப்பது அவசியம். உச்ச அளவு 500 மில்லிஅம்பியர் என்பதால் பெரிய எஃப்.பி.ஜி.ஏ.யின் (மறுபடி மறுபடி நிரலாக்கக்கூடிய இலக்கச் சில்லு) மையப் பகுதிக்கு இது போதாது. அங்கே நல்ல சுவிட்சிங் சீராக்கியே பொருத்தம். இதைக் கடிகாரத்துக்கும் ஏ.டி.சி.க்கும் மட்டும் வாங்குங்கள்.