மரத்தூள் பின்குஷன்: மூணு வருஷம், மூணு ஒட்டு

நேற்று மூணாவது தடவையாக என் பின்குஷனின், அதாவது ஊசி குத்தி வைக்கும் குட்டி மெத்தையின், ஓரத்தைப் பிரித்துத் தைத்தேன். அந்தக் கடுப்பு தீரும் முன்னே, புதுசாகத் தையல் பழகும் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்: "அக்கா, உள்ளே என்னத்த அடைக்கிறது?"

நாகப்பட்டினத்தில், கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி என் மெஷின். உப்புக்காத்து ஊசியைச் சும்மா விடாது. முதலில் பழைய தலையணையைப் பிரித்துப் பருத்திப் பஞ்சு அடைத்திருந்தேன். பருத்தி ஈரத்தைக் குடித்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் ஒரு கல்யாண ப்ளவுஸ், சந்தனக் கலர் பட்டு. ஹூக் வைக்க எடுத்த ஊசி துணியில் பழுப்பாக ஒரு துருப் புள்ளி வைத்துவிட்டது. பட்டில் எலுமிச்சை தேய்க்கப் பயம். புள்ளி மேலேயே ஒரு முத்தைத் தைத்து, ஜோடிக்கு அந்தப் பக்கமும் ஒன்று வைத்தேன். அழகா இருக்கு என்று கூலிக்கு மேல் ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார்கள்!

அடுத்தது பொம்மைக்கு அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சு. ஈரம் பிடிக்காது, சரி. ஆனால் கைத்தையல் ஊசிக்குத் தலை கிடையாதே, மொத்தமாக உள்ளே போய்விடும். அமுக்கி அமுக்கித் தேடினால் விரலில்தான் அகப்படும். அரிசியும் போட்டுப் பார்த்தேன், வண்டு வந்தது.

பிறகுதான் மரத்தூள். மரம் அறுக்கும் மில்லில் சும்மாவே அள்ளிக்கச் சொன்னார்கள், தேக்குத் தூள். சிலாம்பு போகச் சலித்து, ரெண்டு நாள் வெயிலில் போட்டு, காடாத் துணிப் பையில் கரண்டிக் காம்பால் இடித்து இடித்து அடைத்தேன். ஆரஞ்சுப் பழம் அளவுப் பைக்கு ரெண்டு டம்ளர் தூள் போனது. ஊசி குத்தும்போது சரக்கென்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதற்காகவே குத்தலாம். குத்தின ஊசி குத்தின இடத்தில் நிற்கும். கனமாக இருப்பதால் ஒரு கையால் பிடுங்கினாலும் கூடவே எழுந்து வராது. இதுவும் ஈரம் குடிக்கும்தான், மழை விட்டதும் வெயில் காட்டினால் போதும்.

அப்புறம் என்ன குறை? தூள்! தையல் வழியாக மாவு மாதிரி கசியும். நேற்று ஸ்கூல் யூனிஃபார்ம் வெள்ளைச் சட்டை முழுக்கக் காப்பிப் பொடி தூவின மாதிரி. உதறினால் போய்விடும், ஆனால் எத்தனை தடவை உதறுவது?

எங்க அப்பாயி சீவி உதிர்ந்த முடியைச் சுருட்டித் துணியில் கட்டி ஊசி குத்தி வைத்திருப்பாள். தேங்காயெண்ணெய் ஊறின முடி, துருவே பார்த்ததில்லை. வீட்டுக்குள் முடியா என்று அம்மா முகம் சுளிப்பாள், நானும்தான்.

அந்தப் பெண்ணிடம் மரத்தூள் என்றே சொல்லிவிட்டேன், காடாத் துணியை ரெண்டு மடிப்பாகப் போடச் சொல்லி. எனக்கு இனி வேண்டாம். நம்ம தலையில் ஷாம்புதான் இருக்கிறது, எண்ணெய் ஏது? காலையிலிருந்து அத்தை சீவின முடியைத் தூரப் போடாமல் ஒரு கவரில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். எதற்கென்று அவர் இன்னும் கேட்கவில்லை.