கூலன்ட் எங்கே போகிறது? பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்ஜினில் கசிவைத் தேடிப் பிடித்த அனுபவம்

என்னுடையது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். நான்கு சிலிண்டர் என்ஜின் முன்பக்கம் நீளவாக்கில் இருக்கும், ஓட்டம் பின்சக்கரங்களுக்கு. டெம்பரேச்சர் முள் ஒருநாளும் நடுக்கோட்டைத் தாண்டியதில்லை. ஆனாலும் என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் மட்டம், அதன் டேங்கில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. நிறுத்திய இடத்தில் பெரிதாக ஈரம் இருக்காது. எப்போதாவது கியர்பாக்ஸுக்கு நேர் கீழே ஓரிரு சொட்டு, அவ்வளவுதான்.

"முள் சரியாகத்தானே நிற்கிறது, குறையும்போது ஊற்றிக்கொண்டால் போயிற்று" என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தண்ணீரும் எத்திலீன் கிளைகாலும் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், சாதாரண காற்றழுத்தத்தில் சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி கூடுதலாக 1 பார் அளவுக்கு அழுத்தத்தைப் பிடித்து வைத்தால், கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டிவிடும். எங்கோ ஓரிடத்தில் கசிந்தால், போவது கூலன்ட் மட்டுமல்ல, இந்தப் பாதுகாப்பும்தான். மட்டம் ரொம்பவே இறங்கிவிட்டால் சென்சார் கூலன்டில் நனையாமல் நீராவியில் நிற்கும். அப்போது முள் காட்டுவதை நம்பவே முடியாது. அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்த பிறகு வருத்தப்பட்டு என்ன பயன்?

முதலில் மனதை அரிப்பது, சிலிண்டர் ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டதோ என்ற பயம்தான். அதை முதலிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீலத் திரவம் ஒன்று இருக்கிறது. எரிந்த வாயு கூலன்டில் கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். எனக்கு நீலமாகவே இருந்தது. கூலன்ட் கலந்தால் வரும் பால் நிறம் ஆயிலிலும் இல்லை. முன்சீட்டுக் கால்விரிப்பு காய்ந்திருந்தது, கண்ணாடியில் இனிப்பு வாசனையோடு பனி படியவும் இல்லை. ஆக, காருக்குள் சூடு தரும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோரும் தப்பியது. வாட்டர் பம்பின் அடியில் சிறு துளை ஒன்று இருக்கும், சீல் தேய்ந்தால் அதன் வழியாகத்தான் கசியும். அங்கேயும் காய்ந்த தடம் எதுவும் தெரியவில்லை.

அடுத்து, ரேடியேட்டர் வாயில் மாட்டிக் காற்றழுத்தம் ஏற்றி, அது இறங்குகிறதா என்று காட்டும் கையால் அழுத்தும் பிரஷர் டெஸ்டர். பழைய கார் வைத்திருப்பவர்கள் முதலில் வாங்க வேண்டிய கருவி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஓட்டிவிட்டு வந்து, வெதுவெதுப்பாக ஆறிய பிறகு மாட்டி மூடியில் எழுதியிருந்த அளவுக்கு ஏற்றினேன். (கொதிக்கும் சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது, முகத்தில் அடிக்கும்.) டெஸ்டரின் முள் அசையவில்லை. அதே சோதனையை இரவு முழுக்க ஆறிய என்ஜினில் காலையில் செய்தபோது, முள் கண்ணெதிரே இறங்கியது.

இந்த வித்தியாசத்தில்தான் மொத்த விடையும் இருந்தது. சூட்டில் அலுமினியம் விரியும், அதன் மேல் மாட்டிய ரப்பர் ஹோஸ் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்ததும் இரண்டும் சுருங்கும். காலப்போக்கில் ரப்பர் விறைத்துப் போயிருந்தால் அந்தச் சுருக்கத்துக்கு ஈடுகொடுக்காது, மயிரிழை இடைவெளி திறந்துகொள்ளும். ஹோஸைச் சுற்றித் திருகி இறுக்கும் கிளாம்ப் (பிடிவளையம்) ஒரே அளவில் நிற்பதால் அந்தத் தளர்வைச் சமாளிக்காது. ஸ்பிரிங் கிளாம்ப் கூடவே சுருங்கி விரியும். பார்க்க மட்டமாகத் தெரிந்தாலும் இந்த இடத்துக்கு அதுதான் உயர்ந்தது என்பது என் கருத்து.

ஆக, ஏதோ ஒரு ஹோஸ் இணைப்பு. ஆனால் எது? கசியும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. புற ஊதா (யூவி) ஒளியில் மின்னும் சாயத்தைக் கூலன்டில் கலந்து சில நாள் ஓட்டினேன். பிறகு இருட்டில் யூவி டார்ச்சைப் பிடித்து மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே போனேன். முன்பக்கம் முழுக்கச் சுத்தம். சிலிண்டர் ஹெட்டின் பின்னால், காரின் தடுப்புச் சுவருக்கும் என்ஜினுக்கும் நடுவே, கை நுழையவே சிரமப்படும் இடத்தில் ஹீட்டருக்குப் போகும் குழாய்வாய் இருக்கிறது. சின்ன கேமராவை உள்ளே விட்டதும், அதன் அடிவிளிம்பிலிருந்து பச்சையாக ஒளிரும் கோடு ஒன்று கிளட்ச் ஹவுசிங் மேல் வழிந்து கியர்பாக்ஸ் வரை போவது தெரிந்தது.

ஹோஸைக் கழற்றியபோது குழாய்வாயின் மேல் வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தது. நகத்தால் சுரண்ட உதிர்ந்தது. அடியில் அலுமினியம் குண்டூசியால் குத்தியதுபோல் அரித்துக் கிடந்தது, அதுவும் கிளாம்ப் உட்காரும் வளையத்துக்கு நேர் கீழே. கூலன்டில் உள்ள துரு தடுப்பான் வருடக்கணக்கில் மாற்றாவிட்டால் தீர்ந்துவிடும், அரிப்பு அப்போதுதான் தொடங்கும். நிறம் பளிச்சென்று இருப்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. இந்த நிலையில் கிளாம்பை மட்டும் இறுக்கியிருந்தால் நிற்காது. குழாய்வாய், அதன் கேஸ்கெட், ஹோஸ், கிளாம்ப் நான்கையும் புதிதாகப் போட்டேன். கசிவை அடைக்கும் திரவங்களை ஊற்றுவதில் எனக்குச் சம்மதமில்லை. அவை ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை, ஹீட்டர் கோரின் மெல்லிய குழல்களிலும் தங்கிவிடும்.

மீண்டும் நிரப்பும்போது முன்பக்கத்தை உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறக்கும் வரை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள். கிளைகால் இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், அது கொல்லும் விஷம்.

அதன்பின் வெயில் மாதங்களும் குளிர் மாதங்களும் கடந்துவிட்டன. டேங்கில் நான் ஒட்டிய டேப்பின் கோட்டிலிருந்து மட்டம் நகரவில்லை. குளிர்ந்த நிலையில் பிரஷர் டெஸ்டரும் அப்படியே நிற்கிறது. யூவி டார்ச்சை இப்போது ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் ஒரு சுற்று அடித்துவிடுகிறேன். வாட்டர் பம்பை டைமிங் பெல்ட்தான் சுழற்றுகிறது என்பதால், அடுத்த பெல்ட் மாற்றும்போது பம்ப் கசியாவிட்டாலும் அதையும் சேர்த்தே மாற்றப் போகிறேன்.