டர்போவில் சத்தமா? கழற்றச் சொல்வதற்கு முன்னால் காதால் பிரித்துப் பாருங்கள்

டர்போ (எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) உள்ள டீசல் கார் ஒன்றைப் பல வருடமாக ஓட்டுகிறேன். வீட்டில் இன்னொரு கார் டர்போ பெட்ரோல். விசில், சீறல், டிக் டிக், தகர அதிர்வு என்று டர்போ பக்கத்திலிருந்து வரக்கூடிய சத்தங்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டு கார்களிலும் கேட்டாயிற்று. ஆனால் இரண்டிலும் இன்றைக்கும் கம்பெனியிலிருந்து வந்த அதே டர்போதான் ஓடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். டர்போ பக்கத்திலிருந்து சத்தம் வந்தாலே டர்போ போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அது காரிலேயே விலை கூடிய பாகங்களில் ஒன்று.

முதலில், நல்ல டர்போவும் சத்தம் போடும். உள்ளே இருக்கும் சின்னச் சக்கரம் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழல்கிறது, சில கார்களில் 2 லட்சத்தைக்கூடத் தாண்டும். அழுத்தி ஓட்டும்போது மெல்லிய விசில் வருவது இயல்பு. அதனால் கார் நன்றாக இருக்கும்போதே ஒருநாள் ரேடியோவை அணைத்து, ஜன்னலை இறக்கி, சுவர் ஓரமாக ஓட்டிக் கேட்டு வையுங்கள். பிறகு எது புதுச் சத்தம் என்று சந்தேகமே வராது.

அப்புறம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சத்தம் ஆர்பிஎம்மோடு (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் வேகம்) வருகிறதா, லோடோடு (இன்ஜின் இழுக்கும் பாரம்) வருகிறதா? வண்டியை நிறுத்தி நியூட்ரலில் 2000 ஆர்பிஎம் வரை மிதியுங்கள். பிறகு அதே 2000 ஆர்பிஎம்மில் உயர்ந்த கியரில் ஏற்றத்தில் அழுத்தி ஓட்டுங்கள். நியூட்ரலில் டர்போ பெரிதாக பூஸ்ட், அதாவது கூடுதல் காற்றழுத்தம், உண்டாக்காது. அப்போதும் சத்தம் அதே அளவில் வந்தால் பெல்ட், அதைத் தாங்கும் ஐட்லர் புல்லி, ஆல்டர்னேட்டர் பேரிங் பக்கம் தேடுங்கள். இந்தப் பேரிங்குகள் தேயும்போது வரும் ஊளை டர்போ ஊளை மாதிரியே இருக்கும், அனுபவமுள்ளவர்களே குழம்புவார்கள். ஏற்றத்தில் மட்டும் வந்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் நின்றுவிட்டால் அது பெரும்பாலும் காற்று எங்கோ கசியும் சத்தம்.

என் டீசலில் அதிகம் வந்தது இந்தக் காற்றுக் கசிவுதான். அழுத்தும்போது மட்டும் உஸ்ஸ்ஸ் என்று ஒரு சீறல், கூடவே இழுவை கொஞ்சம் குறைவு, பின்னால் கறுப்புப் புகை. ஒரு பட்டறையில் கேட்டவுடனே டர்போவை மாற்ற வேண்டும் என்றார்கள், பானெட்டைக்கூடச் சரியாகத் திறந்து பார்க்கவில்லை. இன்னொரு மெக்கானிக் இன்ஜின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் போட்டு ஓட்டிப் பார்த்தார். இன்ஜின் கேட்கும் பூஸ்ட் ஒரு எண், கிடைக்கும் பூஸ்ட் இன்னொரு எண், அழுத்த அழுத்த இரண்டுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. பி0299 (P0299) என்ற பழுதுக் குறியீடும் பதிவாகியிருந்தது. அந்தக் குறியீட்டுக்கு பூஸ்ட் போதவில்லை என்றுதான் அர்த்தம், டர்போ கெட்டுவிட்டது என்று அல்ல. கடைசியில், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில், வளைவில், கண்ணுக்குத் தெரியாத ஒரு பிளவு. அழுத்தம் ஏறினால்தான் அது வாய் திறக்கும், அதனால் ஐடிலில் (மிதிக்காமல் சும்மா ஓடும்போது) சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்ப்பதில் பிரயோஜனமே இல்லை. இன்ஜினை அணைத்துவிட்டு காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கத்தை மூடி வெளியிலிருந்து குறைந்த அழுத்தத்தில் காற்றோ புகையோ செலுத்தினால் நிமிடங்களில் தெரிந்துவிடும். அதுவும் முடியாவிட்டால் ஹோஸ்களைச் சுற்றித் துணியால் துடைத்துப் பாருங்கள். உள்ளே லேசான எண்ணெய்ப் படலம் எப்போதும் இருக்கும், கசியும் இடத்தில் அது வெளியே வந்து தூசியைப் பிடித்து அழுக்காக நிற்கும்.

காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று வந்து, சூடாக ஆக அடங்கிவிடுகிறதா? இன்ஜின் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் நடுவில் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட்டைப் பாருங்கள். உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துவிடுவதால்தான் சத்தம் நிற்கிறது. கசிந்த இடத்தில் கரி படிந்திருக்கும்.

பெட்ரோல் காரில் கதை வேறு. ஐடிலிலும் காலை எடுக்கும் நேரத்திலும் தகரம் அதிர்வது மாதிரி வந்தால் மிஞ்சும் எக்ஸாஸ்ட் புகையை டர்போவைச் சுற்றி வெளியேவிடும் வேஸ்ட்கேட் கதவின் மூட்டு தளர்ந்திருக்கலாம். எங்கள் காரில் இது இருக்கிறது, அந்தக் கதவை இயக்கும் ஆக்சுவேட்டர் கம்பியைச் சரிசெய்ததில் கணிசமாகக் குறைந்தது. சட்டென்று காலை எடுக்கும்போது படபடவென்று வந்தால் மிஞ்சும் பூஸ்ட் காற்றைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வைச் சந்தேகப்படுங்கள். திரும்பும் காற்று போக வழியில்லாமல் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் சக்கரத்தில் மோதும் சத்தம் அது, அப்படியே விட்டால் நாளடைவில் டர்போ பேரிங்கைப் பாதிக்கும்.

சரி, உண்மையிலேயே டர்போ கெட்டால் எப்படி இருக்கும்? நண்பர் ஒருவரின் காரில் கேட்டிருக்கிறேன், மறக்க முடியாத சத்தம். போலீஸ் சைரன் மாதிரி ஏறி இறங்கும். முக்கிய அடையாளம் அதன் வால்: காலை எடுத்து ஆர்பிஎம் இறங்கிய பிறகும் ஊளை ஒரு நொடி நீண்டு தேய்ந்து நிற்கும், ஏனென்றால் டர்போ சக்கரம் இன்ஜினோடு சேர்ந்து உடனே நிற்பதில்லை. இதோடு நீலப் புகையும் எண்ணெய் குறைவதும் சேர்ந்தால் ஓட்டாதீர்கள், வண்டியை ஏற்றிக்கொண்டு போங்கள். டீசலில் டர்போவின் எண்ணெய் சீல் போய் எண்ணெய் இன்டேக்கில் இறங்கினால், சாவியை அணைத்தாலும் இன்ஜின் தன் எண்ணெயையே எரித்துக்கொண்டு தறிகெட்டு ஓடும் ஆபத்து உண்டு.

உறுதிப்படுத்த, இன்ஜின் அணைந்து நன்றாக ஆறிய பிறகு இன்டேக் குழாயைக் கழற்றி டர்போ சக்கரத்தின் ஷாஃப்ட்டை (அச்சை) விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சின்ன ஆட்டம் இருக்கலாம், எண்ணெய்ப் படலத்துக்காக விட்ட இடம் அது. முன்னும் பின்னும் ஆட்டம் விரலுக்குத் தெரியக்கூடாது. சக்கரத்தின் இதழ் உறையைத் தொட்ட தடம் இருந்தால் அந்த டர்போ முடிந்தது.

அப்படி மாற்ற வேண்டி வந்தாலும், பழையது ஏன் போனது என்று தெரியாமல் புதியதைப் பூட்ட விடாதீர்கள். எண்ணெய் வரும் குழாய் கரி அடைத்திருந்தாலோ, திரும்பிப் போகும் குழாய் நெரிந்திருந்தாலோ புது டர்போவும் சீக்கிரமே அதே வழியில் போகும். பட்டறைக்குப் போகும்போது சத்தத்தை போனில் பதிவு செய்து எடுத்துப் போங்கள். எந்த கியர், எவ்வளவு ஆர்பிஎம், குளிர்ந்திருந்ததா சூடாக இருந்ததா என்று எழுதி வையுங்கள். முடிந்தால் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள், நிறுத்திய வண்டியில் அந்தச் சத்தம் பெரும்பாலும் வராது.