கடலூர்-பாண்டி ரோட்டு மண்டபம்: போட்டோவ மனசுல வச்சு எடுத்தோம், எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன்

தை மாசம் தங்கச்சி கல்யாணம் முடிஞ்சுது, ஆல்பம் போன வாரம்தான் கைக்கு வந்துச்சு, அதான் இப்ப எழுதறேன். மண்டபத்தோட பேர் போடல, ஓனர் எங்க மாமாவுக்கு ரொம்ப நாள் பழக்கம், பேர் போட்டா கொறைய முழுசா சொல்ல முடியாது. கடலூர்லேர்ந்து பாண்டி போற ரோட்டுல இருக்கு, எண்ணூறு பேர் தாங்கும், பார்க்கிங் தாராளம், சாப்பாட்டு ஹால் கீழ தனியா. அதெல்லாம் எல்லாரும் பாக்கறதுதான், நான் சொல்ல வந்தது வெளிச்சத்த பத்தி.

ஏன் இவ்ளோ மெனக்கெட்டோம்னா, எட்டு வருஷத்துக்கு முன்னாடி அக்கா கல்யாணம் வேற ஒரு மண்டபத்துல நடந்துச்சு, ஏசி இருக்கா, ரூம் எத்தன, வாடகை எவ்ளோ, இவ்ளோதான் கேட்டோம். ஸ்டேஜ் பூரா ஊதா லைட்டு, ஹால் பாதி இருட்டு. எங்க ஆயா, அதான் பாட்டி, முன் வரிசையில மடியில அட்சதைய வச்சிகிட்டு விடியக்காலைலேர்ந்து ஒக்காந்திருந்துச்சு. அடுத்த வருஷம் ஆயா தவறிடுச்சு, மாலை போட்டு வைக்க ஒரு படம் வேணும்னு ஆல்பத்த பொரட்டினா நானூறு போட்டோவுல ஆயா மூஞ்சி தெளிவா தெரியற மாதிரி ஒன்னு கூட இல்ல. ஒன்னுல வீடியோக்காரர் முதுகு மறைக்குது, இன்னொன்னுல மூஞ்சி ஊதாவா இருக்கு. கடைசில ஆதார் கார்டு போட்டோவ பெருசு பண்ணி மாட்டினோம். அது இன்னிக்கும் வீட்டுல அப்படியேதான் தொங்குது.

இந்த தடவ கடலூர் பாதிரிப்புலியூர்ல கல்யாண போட்டோ எடுக்கற அண்ணன் ஒருத்தர முதல்லயே பேசி வச்சிட்டுதான் மண்டபம் தேட ஆரம்பிச்சோம். அவர் சொன்னது ஒன்னே ஒன்னு, "தம்பி, பகல் பதினொரு மணிக்கு போயி மண்டபம் பாக்காத, முகூர்த்தம் எந்நேரமோ அந்நேரத்துக்கு போயி ஸ்டேஜ் லைட்ட போட சொல்லி பாரு." அவ்ளோ காலைல யாரு தொறப்பாங்கன்னு நெனச்சேன், ஆனா கேட்டா தொறக்கறாங்க, ஒரு நாள் முன்னாடி போன்ல சொல்லிட்டா போதும்.

ஆறு எடம் பாத்தோம். பாண்டி ஒயிட் டவுன்ல ஒரு பழைய பிரெஞ்சு வீடு, முற்றம், காகிதப்பூ கொடி, கேமராவ எங்க திருப்பினாலும் படம்தான், ஆனா நூறு பேருக்கு மேல தாங்காது, எங்க அப்பா பக்க சொந்தமே அதுக்கு மேல வரும். இன்னொரு விஷயம், அங்க மஞ்ச சுவத்த ஒட்டி நின்னா அந்த மஞ்ச மூஞ்சியில அடிக்குது, நாலடி தள்ளி நின்னா சரியா போயிடும். அப்பறம் பெரியப்பா திருவந்திபுரத்துல தாலி கட்டிட்டு மண்டபத்துல ரிசப்ஷன் வச்சிக்கலாம்னாரு, நம்ம பக்கம் நெறைய பேர் அப்படித்தான் செய்யறாங்க, எனக்கும் தேவநாதசாமி கோயில் மேல பக்தி உண்டு. ஆனா முகூர்த்த நாள்ல அங்க மலைமேல ஒரே நேரத்துல எத்தன ஜோடி, நம்ம பொண்ணுக்கு தாலி ஏறும்போது பக்கத்து கல்யாணத்து ஆளுங்க பிரேமுக்குள்ள நிப்பாங்க, போட்டோகிராபருக்கு ரெண்டு நிமிஷம் கூட கெடைக்காது. கல்யாணத்துக்கு மொத நாள் குடும்பமா போயி சாமி கும்பிட்டுட்டு வந்தோம், அது மனசுக்கு நெறைவா இருந்துச்சு. மத்த மூணு மண்டபமும் சட்டுனு தள்ளிட்டோம், ஒன்னுல ஹால் நடுவுல தூணு, ஒன்னுல மேல பூரா மரக்கலர் சீலிங், பிளாஷ மேல திருப்பி அடிச்சா வெளிச்சம் திரும்ப வராது, வந்தாலும் பழுப்பாத்தான் வரும். இன்னொன்னுல ஸ்டேஜ் கிழக்கு கோடியில.

இந்த கிழக்கு விஷயத்த கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா எங்களுக்கே முன்னாடி தெரியாது. பொண்ணு மாப்பிள்ளைய கிழக்க பாத்துதான் ஒக்கார வைப்பாங்க. ஸ்டேஜ் கிழக்கு பக்கம் இருந்தா அவங்க ஹாலுக்கு முதுக காட்டணும், இல்லன்னா ஐயர் மணைய சைடா திருப்பி போட சொல்லுவாரு, அப்ப கூட்டத்துக்கும் தெரியாது கேமராவுக்கும் பாதி மூஞ்சிதான். நாங்க எடுத்த மண்டபத்துல ஸ்டேஜ் மேற்கு கோடியில, வாசல் கிழக்கு பாத்து, நேரா. தை மாசம் இங்க சூரியன் வரவே ஆறரை ஆயிடும், எங்க முகூர்த்தம் ஆறு டூ ஏழரை. பாக்க போன அன்னிக்கு சித்தி பொண்ணையும் என் தம்பியையும் மணை போடற எடத்துல ஒக்கார வச்சு ஆறு மணிக்கு ஒரு படம், ஆறே முக்காலுக்கு ஒரு படம்னு போன்லயே எடுத்தோம். ஆறே முக்கால் படத்துல வாசல் வழியா வெளிச்சம் ஹால் முழுக்க நடந்து வந்து மூஞ்சியில நிக்குது. அங்கயே அட்வான்ஸ் குடுத்துட்டோம்.

ஸ்டேஜ் நல்ல ஆழம், பின்னாடி டெக்கரேஷன் கட்டின பெறகும் சோபாவுக்கும் அதுக்கும் நடுவுல ஆறடி இருந்துச்சு, அதனால நெழல் பின்னாடி துணியில விழல, குடும்பமா பதினஞ்சு பேர் ரெண்டு வரிசையா நிக்க முடிஞ்சுது. ஸ்டேஜ் உயரமும் அளவா இருக்கு, ரொம்ப உயரமா இருந்தா கீழேர்ந்து எடுக்கும்போது மூக்கு ஓட்டைதான் தெரியும்னு அண்ணன் சொன்னாரு, அது உண்மை.

இப்ப கொறைக்கு வரேன். மணமகள் ரூம். சுவரு பச்ச பெயிண்ட்டு, ஒரே ஒரு டியூப்லைட்டு, ஜன்னல் இருக்கு ஆனா அத பூட்டி அலமாரி வச்சிருக்காங்க. பச்ச சுவத்துல பட்டு தெறிக்கற வெளிச்சத்துல எந்த பொண்ணும் நல்லா தெரியாது. கண்ணாடிய சுத்தி மஞ்ச பல்பு, மேல வெள்ள டியூப், ஸ்டேஜ்ல வேற ஒன்னு. வெளிச்சத்தோட நெறத்த கெல்வின்னு ஒரு கணக்குல பல்பு டப்பாவுலயே போட்டிருக்கும், மஞ்ச வார்ம்னா 3000 கெல்வின் பக்கம், கூல் டேலைட்னா 6500, இது ரெண்டும் ஒரே மூஞ்சியில விழுந்தா கேமராவுல ஒரு கன்னம் மஞ்சளாவும் ஒரு கன்னம் நீலமாவும் வரும், கண்ணுக்கு அது அவ்ளோவா தெரியாது. ரிசப்ஷன் அன்னிக்கு மேக்கப் அக்கா அந்த மஞ்ச பல்புல பாத்து போட்ட மேக்கப் ஸ்டேஜ்ல ஏறினதும் வெளுப்பா தெரிஞ்சுது, தங்கச்சி கண்ணு கலங்கிடுச்சு, அத பாக்க எனக்கு தாங்கல. மறுநாள் காலைல முகூர்த்த மேக்கப்புக்கு எங்க வீட்டு லைட்ட கொண்டு போயி வச்சோம், சேல கட்டினதும் மாடி வராண்டாவுல வடக்கு பாத்து நிக்க வச்சு எடுத்தாரு, ஆல்பத்துல தங்கச்சியோட நல்ல தனிப்படம் எல்லாம் அந்த வராண்டாதான்.

ரெண்டாவது, லைட் செட்டு மண்டபத்துக்காரங்க ஆளத்தான் போடணும், வெளி ஆள் கூடாது. கலர் லைட்டு பின்னாடி துணிமேல மட்டும் விழட்டும், மூஞ்சிக்கு வார்ம் ஒயிட்டு மட்டும் குடுங்கன்னு மூணு தடவ சொன்னேன், தலைய ஆட்டினாங்க. ரிசப்ஷன் அன்னிக்கு ராத்திரி எட்டு மணிக்கு கூட்டம் சேந்ததும் சுத்தற லைட்ட போட்டு விட்டுட்டாங்க, நான் சாப்பாட்டு ஹால்ல பந்தி பாத்துகிட்டு இருந்தேன், மேல வந்து நிறுத்தறதுக்குள்ள இருபது படம் நீலமா போயிடுச்சு, அதுல பெரியப்பா குடும்பம் மொத்தமும் இருக்கு. ரிசப்ஷனுக்கு ஒரு ஆள லைட்டுக்காகவே நிக்க வையுங்க, வெக்கப்படாதீங்க.

பின்னாடி பெரிய எல்ஈடி ஸ்கிரீன் வைக்கலாம்னு கேட்டாங்க, வேணாம்னுட்டோம். நம்ம கரண்ட்டு 50 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு அம்பது சுத்து, ஒரு சுத்துக்கு ரெண்டு தடவன்னு சாதா லைட்டே செகண்டுக்கு நூறு தடவ மினுக்கும், மட்டமான எல்ஈடின்னா படத்துல கோடு கோடா விழும். மண்டபம் பாக்க போகும்போது போன்ல ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்து பாருங்க, மினுக்கறது அப்படியே தெரியும், இந்த மண்டபத்துல ஹால் லைட்டு மினுக்கல, ஸ்டேஜ் ஓரத்துல ரெண்டு லைட்டு மினுக்குச்சு, சொன்னதும் மாத்தி குடுத்தாங்க, அதுக்கு நன்றி சொல்லணும். வீடியோ லைட்டுக்கு தனி லைன் கெடயாது, ஸ்டேஜ் லைன்லயே போட்டதுல ஒரு தடவ ட்ரிப் ஆச்சு, ஜெனரேட்டர் எழுந்திரிக்க நாலு நிமிஷம், அது வரைக்கும் மாப்பிள்ளையும் பொண்ணும் இருட்டுல நின்னாங்க.

காலைல எல்லாம் நெனச்ச மாதிரியே நடந்துச்சு. கெட்டி மேளம்னு ஐயர் கை காட்டறதுக்கு முன்னாடியே மாமா ரெண்டு கையையும் விரிச்சு ஸ்டேஜுக்கு முன்னாடி நின்னுட்டாரு, யாரும் எழுந்து வந்து மறைக்கல, வீடியோ அண்ணன் ஒரு ஓரம், போட்டோ அண்ணன் ஒரு ஓரம். ரெண்டாவது கேமராவ கூட்டத்த பாத்து நிக்க வச்சிருந்தோம், அத நான்தான் கேட்டு வாங்கினேன். ஆயாவோட தங்கச்சி, நாங்க சின்ன ஆயான்னு கூப்புடுவோம், அச்சு அசல் ஆயா மாதிரியே இருக்கும், முன் வரிசையில ஒக்காந்து அட்சதைய தூக்கி போடுது, வாசல் வெளிச்சம் ஒரு பக்க கன்னத்துல விழுது, கையிலேர்ந்து அரிசி கெளம்பறது ஒவ்வொன்னா தெரியுது. அம்மா அந்த ஒரு படத்த தனியா பிரேம் போட குடுத்திருக்காங்க, ஆயா படத்துக்கு பக்கத்துல மாட்டணுமாம்.

அன்னிக்கு சாயங்காலம் ஜோடிய தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு கூட்டிட்டு போனோம், கிழக்கு கடல்ங்கறதால அஞ்சு மணிக்கு மேல கண்ண கூசாத மெதுவான வெளிச்சம்.

தம்பிக்கும் அடுத்த வருஷம் பாக்கறோம். இதே மண்டபத்தத்தான் கேப்போம், ஆனா அந்த ரூம் சுவத்துக்கு வெள்ள அடிச்சு ஜன்னல தொறந்து விட்டாத்தான் அட்வான்ஸ்னு மேனேஜர் சார்கிட்ட நேர்லயே சொல்லிட்டு வந்திருக்கேன். செய்யறேன்னிருக்காரு.